வாடிக்கையாளர் தூக்குவாளியோடு வந்தால் ஊற்றிக் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் இரவு டிபன் கடை வைத்திருக்கிறேன். இட்லி, தோசை, பரோட்டா, சால்னா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மட்டன் சுக்கா. வியாபாரத்தில் பாதிக்கு மேல் பார்சல்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள், "பாத்திரம் கொண்டு வாருங்கள்னு ஒரு போர்டு வைங்கப்பா, கவர் செலவும் மிச்சம், ஊருக்கும் நல்லது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சிலர் நாங்கள் கேட்காமலே தூக்குவாளியோடு வருகிறார்கள். ஊற்றிக் கொடுக்கிறோம். ஆனால் பார்சல் கட்டும் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, கூட்ட நேரத்தில் வேலை கெடுகிறது என்கிறார். போன வாரம் ஒருவர் பழைய சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்த டப்பாவை அப்படியே நீட்டினார். இன்னொருவர் நான்கு பரோட்டா வாங்கிவிட்டு, பெரிய தூக்கு நிறையச் சால்னா கேட்டுச் சண்டை போட்டார். பக்கத்துக் கடைக்காரரோ, "யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் ஃபுட் ஆபீசர் உன் மேல்தான் கேஸ் போடுவார், அவன் டப்பா மேல் போட மாட்டார்" என்று பயமுறுத்துகிறார். போர்டு வைக்கலாமா? பார்சலுக்கு 5 ரூபாய் வாங்குகிறேன், பாத்திரம் கொண்டுவருபவரிடமும் அதை வாங்கலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்:

வணக்கம். உங்கள் மகள் சொல்வது சரி, போர்டு வையுங்கள். ஆனால் போர்டு மாட்டுவதற்கு முன்னால் கடையின் முன்பக்கத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் போர்டு மட்டும் வைத்தால், பார்சல் அண்ணன் பயப்படுவதும் பக்கத்துக் கடைக்காரர் சொல்வதும் ஒருநாள் உண்மையாகிவிடும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இலோ, அதன் கீழ் வந்த விதிகளிலோ, வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் உணவு கொடுக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. மாறாக, பாதுகாப்பற்ற உணவை விற்கக்கூடாது என்று 26-ஆவது பிரிவு உங்கள் மேல் பொறுப்பை வைக்கிறது. அந்தப் பொறுப்பு நீங்கள் கவரில் கட்டிக் கொடுத்தாலும் உண்டு, தட்டில் வைத்தாலும் உண்டு, தூக்குவாளியில் ஊற்றினாலும் உண்டு. ஆக, பக்கத்துக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை: கேஸ் வந்தால் உங்கள் மேல்தான் வரும். ஆனால் கவரில் கட்டிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்று அவர் நினைப்பது தவறு. அந்தக் கவரே இன்று தனிக் குற்றம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு, தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். உங்கள் தெருவில் இன்னமும் அவை புழங்குகின்றன என்பது வேறு விஷயம். இட்லியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உணவுப் பொதிவு (பேக்கேஜிங்) விதிகள் 2018 அதைத் தடைசெய்கின்றன, அவை 2019 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றன. அச்சு மையும் அதிலுள்ள இரசாயனங்களும் எண்ணெய்ப் பட்ட உணவில் எளிதாக இறங்கிவிடும்.

ஆபத்து டப்பாவில்தான் இருக்கிறது, கவர் சுத்தமானது என்ற எண்ணம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உணவகப் பணியாளர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்பதால் பார்சல் மேசையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். ஒரு நாள் இரவு உங்கள் கடையிலும் எட்டு மணி கூட்டத்தில் ஓரமாக நின்று பாருங்கள். கட்டிலிருந்து கவர் பிரிந்து வராது. விரலை நாக்கில் தொட்டுப் பிரிப்பார்கள். வாய் திறக்காவிட்டால் உதட்டருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதுவார்கள். அதே கவருக்குள் கொதிக்கக் கொதிக்கச் சால்னா விழும், கவர் விரலைச் சுடும், நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு மேசையில் வைப்பார்கள். மூக்கிலும் தொண்டையிலும் தோலிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அந்த ஊதலில் போய்ச் சேரலாம். வெதுவெதுப்பான உணவில் அது பெருகும்போது ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து இரசாயனங்கள் உணவுக்குள் இறங்குவது கூடும் என்பதும் தெரிந்ததுதான். இவ்வளவும் நடக்கும் கவரோடு ஒப்பிட்டால், ஒரு வீட்டம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு எவ்வளவோ மேல்.

அப்படியானால் எங்கேதான் ஆபத்து? உங்கள் கரண்டியில்.

சாம்பார் காய்ந்து ஒட்டிய அந்த டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சால்னா ஊற்றினால், கெட்டுப்போனால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் கேடு. ஆனால் ஊற்றும்போது கரண்டியின் விளிம்பு டப்பாவின் உட்புறத்தில் உரசுகிறது. அதே கரண்டி திரும்பச் சால்னா அண்டாவுக்குள் முங்குகிறது. அப்போது அந்த டப்பாவில் இருந்தது என்னவோ அது இனி அண்டாவில் இருக்கிறது, அன்றிரவு வரும் எல்லாருக்கும் போகிறது. அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் அண்டாவில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. ஆனால் கூட்ட நேரத்தில் அண்டா அடுப்பை விட்டு இறங்கிப் பார்சல் மேசைக்கு வந்துவிடுகிறது, இல்லையா? அங்கே சூடு இறங்கிக்கொண்டே போகும். கறி போட்ட குழம்பில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமி 43 முதல் 47 டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். கைபொறுக்கும் சூடு என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் அந்தச் சூடு.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. அண்டாவைத் தொடும் எதுவும் வாடிக்கையாளர் பாத்திரத்தைத் தொடக்கூடாது. வாடிக்கையாளர் பாத்திரத்தைத் தொட்ட எதுவும் கழுவாமல் அண்டா பக்கம் போகக்கூடாது. மற்ற ஏற்பாடெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

இதற்கு நடுவில் ஒரு குவளை வேண்டும். கால் லிட்டர், அரை லிட்டர் என்று மூக்கு வைத்த எவர்சில்வர் குவளைகள் பாத்திரக் கடையில் கிடைக்கும். ஒவ்வொரு அளவிலும் ஐந்தாறு வாங்கிப் போடுங்கள். அண்டாவிலிருந்து கரண்டியால் மொண்டு குவளையில் ஊற்ற வேண்டும், குவளையிலிருந்து வாடிக்கையாளரின் தூக்கில் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். குவளை தூக்கைத் தொட்டுவிட்டால் அது நேரே கழுவும் தொட்டிக்கு, அடுத்த குவளை கைக்கு. தொடாவிட்டாலும் அண்டாவுக்குள் குவளையை முக்கக்கூடாது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள், எல்லா மதத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு நிற்பார்கள், பழகிய கை மேலே இருந்து ஊற்றிக்கொண்டே போகும். நம் ஊரில் இது புதிதாகக் கற்க வேண்டிய வித்தை இல்லை.

இந்தக் குவளை உங்களுடைய இன்னொரு தலைவலியையும் தீர்த்துவிடும். பெரிய தூக்கைக் காட்டிச் சால்னா கேட்டவரிடம் உங்களிடம் பதில் இல்லாமல் போனதற்குக் காரணம், உங்கள் கடையில் சால்னாவுக்கு அளவே இல்லை. கவர் இருந்தவரை கவர்தான் அளவு. கவர் போனால் அளவும் போய்விடுகிறது, பாத்திரத்தின் கொள்ளளவு அளவாகிவிடுகிறது. இரண்டு பரோட்டாவுக்குக் கால் லிட்டர் குவளை ஒன்று என்று நீங்களே முடிவு செய்யுங்கள், வாடிக்கையாளர் கண்ணெதிரே அளந்து ஊற்றுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் குவளைக்கு இவ்வளவு என்று விலை எழுதிப் போடுங்கள். மதுரைக்காரர்கள் சால்னா கூடக் கேட்பார்கள், கேட்கட்டும், உரிமையோடு கேட்பதுதான் அந்த ஊர் சாப்பாட்டுக் கடையின் அழகு. அரைக் குவளை சேர்த்து ஊற்றுவது உங்கள் மனசு. ஆனால் அது நீங்கள் கொடுப்பதாக இருக்க வேண்டும், தூக்கின் அளவு கட்டாயப்படுத்துவதாக இருக்கக்கூடாது. சுக்காவுக்குத் தராசுதான் சரி. வாடிக்கையாளர் பாத்திரத்தைத் தராசில் வைக்காதீர்கள். உங்கள் கிண்ணத்தில் எடை போட்டு அதிலிருந்து அவர் டப்பாவுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது தட்டு. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், பார்சல் உணவு விற்கும் கடைகள் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரத்திலும் உணவு தரத் தயாராக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத, 80 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் அவையும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் நிரப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களைப் போன்ற கடைகள்தான் அவை. அங்கே பல கடைகள் கண்டுபிடித்த எளிய வழி என்னவென்றால், வாடிக்கையாளர் மூடியைத் தானே திறந்து பாத்திரத்தை ஒரு தட்டில் வைக்கிறார். கடைக்காரர் தட்டைத்தான் தொடுகிறார், பாத்திரத்தைத் தொடுவதில்லை. நிரப்பியதும் தட்டோடு நகர்த்திவிடுகிறார். வாடிக்கையாளரே மூடியைப் போட்டு எடுத்துக்கொள்கிறார். இதை அப்படியே செய்யுங்கள். பார்சல் மேசைக்கு ஒரு முழம் தள்ளி, வாடிக்கையாளர் பக்கமாக ஒரு சின்ன ஸ்டூலோ பலகையோ போதும், அதில் பத்துப் பதினைந்து எவர்சில்வர் தட்டுகள். ஒரு முறை பயன்படுத்திய தட்டு கழுவப் போக வேண்டும். மேசையைத் துடைத்த ஈரத்துணியால் தட்டைத் துடைத்துத் திரும்ப அடுக்கும் வேலை மட்டும் வேண்டாம், கடையிலேயே அழுக்கான பொருள் அந்தத் துணிதான். பாத்திரம் எந்தக் காரணத்துக்காகவும் சமையல் பக்கம் போகக்கூடாது. "அண்ணே, கொஞ்சம் உள்ளே கொடுத்துக் கழுவிக் கொடுங்க" என்று கேட்டால் வாங்காதீர்கள். முன்பக்கத்தில் தனியாக ஒரு குழாயும் சோப்பும் வைத்துவிடுங்கள், அவரே கழுவிக்கொள்ளட்டும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைச் சங்கடப்படாமல் பயன்படுத்துங்கள். பிரான்சில் 2020-இல் வந்த சட்டம் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: கண்ணுக்குச் சுத்தமாகவும், வாங்கும் உணவுக்கு ஏற்றதாகவும் உள்ள பாத்திரத்தில் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, அந்தப் பாத்திரத்தின் சுத்தத்துக்கு அவரே பொறுப்பு, சுத்தமில்லை என்றாலோ பொருத்தமில்லை என்றாலோ கடைக்காரர் மறுக்கலாம். நம் சட்டத்தில் இப்படியொரு வரி இல்லை. அதனால்தான் உங்கள் போர்டில் அந்த வரி இருக்க வேண்டும் என்கிறேன்.

எது பொருத்தமான பாத்திரம் என்பதைப் பார்சல் அண்ணனுக்கு ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், அரை மணி நேரம் போதும். எவர்சில்வர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும் தண்ணீர் பாட்டிலும் வேண்டவே வேண்டாம், சூடான குழம்பு பட்டதும் இளகிச் சுருங்கும், கையில் கொட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ஐஸ்கிரீம் டப்பாவும் அப்படித்தான், அது குளிருக்காகச் செய்தது. பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், சூடு தாங்கும். கீறல் விழுந்து மஞ்சளேறிப் போயிருந்தால் அதையும் தவிர்க்கலாம், கீறலுக்குள் எண்ணெய்ப்பிசுக்கு தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்போ சாம்பாரோ ஊற்றக்கூடாது, புளிப்பு செம்பைக் கரைத்து இழுக்கும். பாட்டி காலத்துப் பித்தளைத் தூக்கைப் பெருமையாகக் கொண்டுவருபவர் இருப்பார், அதில் இட்லியை இலை போட்டு வைத்துக் கொடுங்கள், சாம்பார் வேண்டாமென்று பக்குவமாகச் சொல்லுங்கள். கண்ணாடிக் கிண்ணம் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே வந்திருந்தால் சூடுபட்டு விரியலாம். விசேஷத்துக்கு மொத்தமாகச் சாம்பார் வாங்க வருபவர்களில் சிலர் பெயிண்ட் வாளியைக் கழுவிக் கொண்டுவருவார்கள். எத்தனை முறை கழுவியிருந்தாலும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

ஹாட்பாக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள். ஆவி பறக்க ஊற்றினால் நல்லதுதான். ஆறிப்போன சால்னாவை அதில் ஊற்றினால், ஆற வேண்டியதும் ஆறாமல், சூடாகவும் இல்லாமல், கிருமிக்குப் பிடித்த அந்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் வைத்திருக்கும். ஆகவே பாத்திரம் எதுவானாலும் உங்கள் பக்கத்து வேலை, உணவைச் சூடாக வைத்திருப்பது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உணவக ஆய்வுப் பட்டியல், சூடாகப் பரிமாறும் சைவ உணவு 65 டிகிரியிலும் அசைவம் 70 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்கிறது. உணவுக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. பார்சல் மேசைக்கு அண்டாவையே இறக்காமல், சின்னக் குண்டானில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தால் அண்டா அடுப்பிலேயே சூட்டோடு இருக்கும், ஏதாவது தவறு நடந்தாலும் குண்டானோடு போகும். குண்டானில் மிச்சமானதை அண்டாவில் திரும்பக் கொட்டக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கேரளத்தில் 2023 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டார்கள். பார்சலில் எத்தனை மணிக்குத் தயாரித்தது, எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் தூக்குவாளியில் கொடுக்கும்போது இதைச் செய்வது உங்களுக்கே பாதுகாப்பு. பில்லிலேயே நேரம் அச்சாகும், அதன் கீழே "2 மணி நேரத்துக்குள் சாப்பிடவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னிக்கு அதுதான் எல்லை. இரவு எட்டு மணிக்கு வாங்கிய சட்னியைப் பிரிட்ஜில் வைக்காமல் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டு, பிறகு கடைக்காரரைத் திட்டுபவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சட்னி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தத் திட்டம் கடைகளில் தோற்றுப்போவது பெரும்பாலும் சட்னியில்தான். ஆசையாக வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் எடுத்து வருவார்கள், இட்லி உட்காரும், சாம்பாருக்குத் தூக்கு இருக்கும். தேங்காய்ச் சட்னி, காரச் சட்னி, எண்ணெய்ப் பொடி மூன்றுக்கும் பாத்திரம் இருக்காது. "சரி, அதை மட்டும் கவர்ல போடுங்க" என்பார்கள். ஒரு வீட்டுப் பார்சலுக்கு மூன்று குட்டிக் கவர்கள் திரும்ப வந்துவிடும், அந்தக் குட்டிக் கவர்களைத்தான் யாரும் பொறுக்கி எடுப்பதில்லை, சாக்கடையில் போய் அடைவதும் மாடு தின்பதும் அவைதான். எனவே மூடி இறுகப் பொருந்தும் சின்ன எவர்சில்வர் டப்பாக்களை உங்கள் கடைக்கென்று வாங்கி, அடியில் கடைப் பெயரை வெட்டி வையுங்கள். டப்பாவின் விலையையே முன்பணமாக வாங்கிக்கொண்டு, திரும்பக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுங்கள். திரும்ப வந்த டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவைத்த பிறகே அடுத்தவருக்குத் தர வேண்டும். வராத டப்பாவால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. பரோட்டாவையும் இட்லியையும் வாழையிலையில் மடித்து அவர் டப்பாவுக்குள் வைத்தால் அடியில் வேர்த்து ஈரமாவதும் குறையும், டப்பாவின் உட்புறத்தை உங்கள் கையோ இடுக்கியோ தொடவும் வேண்டியதில்லை.

பார்சல் கட்டணம் 5 ரூபாயைப் பாத்திரம் கொண்டுவருபவரிடம் வாங்கவே கூடாது. கவர், இலை, நூல், பை எதுவும் கொடுக்காமல் அதற்கான காசை வாங்குவது நியாயமில்லை, கேட்டால் பதிலும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் கொண்டுவந்த பொதிவு விதிகளின்படி 2027 பிப்ரவரி முதல் அங்கே பார்சல் கடைகள் சொந்தப் பாத்திரத்தில் கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும், பார்சலை விடக் கூடுதல் விலையும் வாங்கக்கூடாது. 2019-இல் இங்கே தடை வந்த புதிதில் பல ஓட்டல்கள் பாத்திரம் கொண்டுவந்தால் 5 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தன. உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுக்கா பில்லில் 5 சதவீதம் என்றால் உங்களுக்குக் கட்டாது, இரண்டு இட்லி பில்லில் 5 சதவீதம் என்றால் வாங்குபவருக்கு ஒன்றுமே தெரியாது. "பாத்திரம் கொண்டுவந்தால் பார்சல் கட்டணம் இல்லை" என்பது எல்லாருக்கும் ஒரே கணக்கு, சொல்லவும் எளிது. அதற்கு மேலும் ஏதாவது செய்ய மனமிருந்தால், தொடர்ந்து தூக்கோடு வருபவர்களுக்கு மாதம் ஒருநாள் ஒரு தோசை போட்டுக் கொடுங்கள். ஊரெல்லாம் சொல்வார்கள்.

பார்சல் அண்ணனின் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டு மணி வரிசையில் வியர்த்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். டப்பாக்காரரும் கவர்காரரும் ஒரே வரிசையில் கலந்து வருவதால்தான் அவர் தடுமாறுகிறார்: ஒருவருக்கு முடிச்சுப் போட வேண்டும், அடுத்தவருக்கு மூடி திறக்கக் காத்திருக்க வேண்டும், கை ஓட்டம் அறுந்துபோகும். தூக்குக்குத் தனியாக அந்தப் பலகையைப் போட்டு, ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள். உங்கள் மகளே வார இறுதியில் நின்றால் இன்னும் நல்லது, போர்டு யோசனை அவளுடையது, வேலையின் சிரமமும் அவளுக்குத் தெரிய வேண்டும். குவளை பழகிவிட்டால் நூல் சுற்றி முடிச்சுப் போடும் நேரத்தை விடத் தூக்கில் ஊற்றும் நேரம் குறைவுதான். கவர் கட்டும் வேலை குறையக் குறைய அண்ணனே இந்தப் பக்கம் வந்துவிடுவார். ஆப் மூலம் வரும் ஆர்டர்களை இதில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு வழக்கம்போல் நீங்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும், மூடியுள்ள காகித டப்பா வாங்கும்போது உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று வந்தால். அன்றன்று செய்த சால்னா, சாம்பார், சட்னி, சுக்கா ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பா அளவு தனியாக எடுத்துத் தேதி, நேரம் எழுதிப் பிரிட்ஜில் மறுநாள் இரவு வரை வைத்திருங்கள். பெரிய சமையல் கூடங்களில் இது அன்றாடப் பழக்கம். புகார் வந்தால் அலுவலரிடம் காட்ட அது இருக்கும், தெர்மாமீட்டரில் பார்த்து எழுதிய நோட்டு இருக்கும், நேரம் போட்ட பில் இருக்கும். இவை இருக்கும் கடையில் கேள்வி கேட்க வருபவரும் மரியாதையாகக் கேட்பார். பணியாளரில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ, கையில் சீழ்ப்புண்ணோ இருந்தால் அன்று அவரைப் பார்சல் பக்கம் நிறுத்தாதீர்கள், சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் போகும் என்றால் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள்.

போர்டில் எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன், கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்: "வீட்டுப் பாத்திரம் கொண்டு வாருங்கள், பார்சல் கட்டணம் இல்லை. சட்னிக்கும் சின்ன டப்பா எடுத்து வாருங்கள். பாத்திரம் சுத்தமாகவும் சூடு தாங்குவதாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்ற இயலாது. மூடியைத் திறந்து தட்டில் வைக்கவும். சால்னா, சாம்பார் குவளையில் அளந்து தரப்படும்." இதற்குக் கீழே குவளை அளவையும் கூடுதல் குவளைக்கான விலையையும் சேர்த்துவிடுங்கள். போர்டை உடனே மாட்ட வேண்டாம். ஏற்கெனவே தூக்கோடு வருபவர்களை வைத்து ஒரு வாரம் குவளையையும் தட்டையும் பழகிவிட்டு, கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வாரநாளில் மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுக்கா கூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள்.